வெள்ளைச் சோறு மஞ்சளான மாதம்

என் வீட்டுக்காரருக்கு நோய் வந்தபோது முப்பத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. மலேசியாவில், கோலா கெத்திலுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் மரத்துப் பால் ஏற்றும் லோரி ஓட்டினார். நான் அதே தோட்டத்தில் மரம் சீவினேன். எழுபதுகளின் கடைசி அது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு ஒன்றில் நாங்கள் நான்கு பேர்: அவர், நான், எங்கள் மகள், அப்புறம் அவருடைய அக்கா. அந்த அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாய் இல்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். சின்ன வயதிலேயே தாலியை இழந்தவர். அதனால் தம்பி மேல் அவருக்கு இருந்த உரிமையில் பாதிதான் எனக்கு. இதைச் சொல்லும்போது இப்போதும் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. வெளிக்காட்டு வேலையில் முதுகு விழுந்து வீட்டோடு நின்றுவிட்டவர். நான் விடியுமுன் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடிவிடுவேன். பிள்ளைக்குத் தலை வாரி, பசியாற வைத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடியதெல்லாம் அவர்தான்.

முதலில் இருமல் வந்தது. பிறகு மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைக்கு மேல் தலையணை வைத்தார். அதுவும் போதாமல் அரிசி மூட்டையைச் சுவரோரம் நிறுத்தி அதில் சாய்ந்தபடி தூங்கினார். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, இளைப்பு நோய் என்றார். சிவப்புத் தண்ணீர் மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். அது முடிந்ததும் இன்னொரு போத்தல். புகைக்கூடத்துப் பக்கம் போகாதே, குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே என்றார். நாங்களும் வெந்நீர் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

ஒருநாள் அவருக்குச் சப்பாத்து காலில் நுழையவில்லை. கால் இரண்டும் பொங்கிப்போயிருந்தன. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அண்ணி மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டார். நான் பொறுமை இழந்து, "இளைப்புக்குக் கால் வீங்குமா? எந்த ஊர்ல வீங்குது?" என்று கத்தினேன். மறுநாள் வேலைக்குப் போகாமல் அவரைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். பஸ் நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை நடக்க அவர் எத்தனையோ இடத்தில் நின்றார். நிற்கும்போதெல்லாம் கடையில் எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்தார். ஆம்பிளை வீம்பு.

அங்கே ஓர் இளம் மலாய்க்கார டாக்டர். அவர் நெஞ்சில் குழாயை வைப்பதற்கு முன்னால் கழுத்தைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்துத் துடித்துக்கொண்டிருந்தது. அதுவரை நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. வலது விலாவுக்குக் கீழே அழுத்தினார், கால் வீக்கத்தை அழுத்தினார், குழாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஒரு காகிதச் சுருளில் கோடு கோடாக இழுத்தார்கள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி டாக்டர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளையாக ஒரு பெரிய நிழல், நெஞ்சில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதுதான் இதயமாம். மூடிய கை அளவு இருக்க வேண்டியது.

டாக்டர் மலாயில் சொன்னதை ஒரு தமிழ் நர்ஸ் விளக்கினார். "ஹார்ட் பெயிலியர்னு பேரு அண்ணே. நின்னு போச்சுன்னு அர்த்தம் இல்ல. தள்ள வேண்டிய ரத்தத்த இதயத்தால முழுசா தள்ள முடியல. அது பின்னால தேங்கி, நுரையீரல்ல தண்ணி கோத்துக்குது, கால்ல எறங்குது. இளைப்பு எல்லாம் இல்ல."

டாக்டர் அவரிடம் சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்தது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்ததாகவும், அண்ணிதான் தூக்கிக்கொண்டு திரிந்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். தொண்டைப் புண்ணில் தொடங்கும் அந்தக் காய்ச்சல்தான் இதயத்துக் கதவு ஒன்றைத் தழும்பாக்கி ஒட்டவைத்துவிட்டதாம். காய்ச்சல் போய் எத்தனையோ வருடம் கழித்துப் பழி தீர்க்கிறது. பிறகு லயத்தில் யார் வந்து விசாரித்தாலும் அவர் லோரிக்காரர் பாஷையில் சொல்லிவிடுவார்: "வால்வு ஜாம் ஆயிருச்சு லா. பம்பு முக்கி முக்கித் தள்ளி வீங்கிப் போச்சு. அவ்வளவுதான்." நர்ஸ் சொன்னதைவிட இது எங்களுக்கு நன்றாகப் புரிந்தது.

புறப்படும்போது டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். வீட்டில் பிள்ளைகளுக்கு அந்த மாதிரி மூட்டு வீக்கம் வந்திருக்கிறதா? மகளுக்கு அதற்கு முந்தின வருடம்தான் வந்தது. வளர்ச்சி வலி என்று எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தோம். அடுத்த வாரமே அவளைக் கொண்டுபோனேன். அவள் இதயம் கெடவில்லை, ஆனால் மறுபடி அந்தக் காய்ச்சல் வந்தால் கெட்டுவிடும். வராமல் இருக்க மாதாமாதம் ஓர் ஊசி, வளர்ந்து ஆளாகும்வரை, தவறவே கூடாது என்றார்கள். பெரிய ஊசி. போட்டுவிட்டு வந்தால் இரண்டு நாள் நொண்டுவாள். அண்ணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஓடி ஆடுற புள்ளைக்கு மாசா மாசம் ஊசியா? நோயி இல்லாத புள்ளைய நோயாளி ஆக்குறானுங்க" என்றார். ஆனால் ஒவ்வொரு மாதமும் அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போனவரும் அவர்தான். நான் அடிக்கடி வேலைக்குப் போகாமல் நின்றால் என் நிரையை, எனக்கு ஒதுக்கிய மர வரிசையை, வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். தம்பி ஒரு வார்த்தை சொன்னால் அண்ணிக்கு அது கட்டளை. தம்பி சொன்னார்; அவர் போனார்.

அவருக்கு மூன்று வித மாத்திரை. ஒன்று நீர் பிரிக்க, ஒன்று அந்த நீரோடு போகும் சத்தை ஈடுகட்ட, இன்னொன்று இதயத்துக்குப் பலம் கொடுக்க. இந்தக் கடைசி மாத்திரை குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். வீட்டில் அதற்கு 'சின்ன மாத்திரை' என்றே பெயர் வைத்துவிட்டோம். கோலாலம்பூரில் ஆபரேஷன் செய்து கதவைத் திறக்கலாம், ஆனால் காத்திருப்பவர்கள் ஏராளம், கூப்பிடும்வரை மாத்திரையை வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்றார்கள்.

உப்பைக் குறைக்கச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டையாக இருந்தது. கோலா கெடாவிலிருந்து வாரம் ஒரு தடவை வரும் மோட்டார் சைக்கிள்காரரிடம் கருவாடு வாங்காத வீடு லயத்தில் இல்லை. நெத்திலி, கருவாடு, ஊறுகாய், சோயாக் கீச்சாப் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டு, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க?" என்பார். "குப்பைக்குப் போறது பண்டமா நீங்களான்னு பாத்துக்கங்க" என்று நானும் விடமாட்டேன். அண்ணி எனக்குத் தெரியாமல் ஒரு துண்டு கருவாட்டை அவர் சோற்றுக்கு அடியில் புதைத்துவைப்பார். நான் சோற்றைக் கிளறிப் பார்ப்பேன். எங்கள் வீட்டில் அந்த நாளில் சிரிப்பு வந்தது என்றால் அதற்காகத்தான்.

மருந்து வேலை செய்தது. வீக்கம் வடிந்தது, அரிசி மூட்டை அடுப்படிக்குத் திரும்பியது, அவர் மறுபடி லோரி ஏறினார். உடம்பு தேறியதும் வழக்கமான புத்தி வந்துவிட்டது. முதலில் நீர் மாத்திரையை விட்டார். பால் ஏற்றிக்கொண்டு போகிற வழியில் நாலு இடத்தில் நிறுத்தி இறங்க வேண்டியிருக்கிறது என்று அதற்கு ஒரு நியாயம். பிறகு நல்லாத்தானே இருக்கிறேன் என்று எல்லாவற்றையும் விட்டார். தீபாவளி முடிந்து, விருந்து ஆட்டுக்கறியும் அப்பளமும் தின்ற இரண்டாம் நாள் மதியம், வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் தண்ணீருக்குள் அமுக்கிய ஆள்போல் காற்றுக்குத் தவித்தார். வாயில் இளஞ்சிவப்பாக நுரை தள்ளியது. நான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் வீட்டுக்கு ஓடிக் கார் கேட்டேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்துக் காப்பாற்றினார்கள். செத்துப் பிழைத்தார் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அந்த டாக்டருக்கு வந்த கோபத்தில் எனக்குப் பரம திருப்தி. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரரை வாங்கு வாங்கென்று வாங்கினார். மழை பெய்தாலும் மாத்திரை, வீடு பற்றி எரிந்தாலும் மாத்திரை, ஒருநாள் விட்டால் அடுத்த தடவை இங்கே வந்து சேரமாட்டாய் என்றார். வீட்டுக்காரர் குழந்தைபோல் தலையாட்டினார். கண்ணில் தண்ணீர். அதற்குமேல் அவர் வேறு மனிதர். காலையில் முகம் கழுவி, திருநீறு பூசி, சாமி படத்துக்கு முன்னால் நின்றே மாத்திரையை விழுங்குவார். நான் நினைவூட்ட வேண்டியதே இல்லை.

அடுத்த வருடம் கடும் வெயில் காலத்தில் லயத்தில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. இவருக்கும் வந்தது. நாலைந்து நாளில் அது நின்றுவிட்டது, ஆனால் அவர் பழைய நிலைக்கு வரவில்லை. பசி இல்லை. குழம்பு தாளிக்கிற வாசம் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அப்புறம் குமட்டல், வாந்தி. காலையில் மாத்திரை போட்டதும் வாந்தி எடுப்பார். மருந்து வாந்தியில் போய்விட்டது என்று இன்னொன்று போடுவார். "அந்தாளு சொன்னது மறந்து போச்சா? ஒரு நாளும் விடக்கூடாது" என்று எனக்கே பாடம் சொன்னார். மாத்திரைக்குப் பயந்து ஓடிய மனிதர் இப்படி மாறிவிட்டாரே என்று எனக்கு அப்போது பெருமைகூட. அடுத்த முறை டாக்டரைப் பார்க்க இன்னும் நாள் இருந்தது.

ஒரு மதியம் நான் சேர்த்த ரப்பர்ப்பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, குளித்து, சோறு போட்டேன். அவர் தட்டைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏன்டி சோத்துல மஞ்சத்தூள் போட்ட?"

"சோத்துலயா? வெறும் சோறுங்க."

"கண்ணு தெரியாதவன்னு நெனச்சியா? மஞ்சளா இருக்கு."

நான் தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். பச்சரிசிச் சோறு, பூவாக வெள்ளை. அவர் தன் பனியனைக் குனிந்து பார்த்தார், சுண்ணாம்படித்த சுவரைப் பார்த்தார். எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது, விளக்கைச் சுற்றி வளையம்கூடத் தெரிகிறது என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அண்ணிக்கு உடனே ஓடியது.

"அட கூறுகெட்டவளே, காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு கேட்டதே இல்லையா? பசி இல்ல, வாந்தி, ஒடம்புல சத்து இல்ல. இது மஞ்சக்காமாலை!"

யாரால் மறுக்க முடியும்? பிறந்ததிலிருந்து கேட்கிற பழமொழி. லயத்துப் பெண்கள் வந்து அவர் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கிறது என்றார்கள். அப்படி நினைத்துப் பார்த்தால் யார் கண்ணும் கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கும். நான், "எதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாமே" என்றேன். வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில், "காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து ஏது?" என்றார்கள். அதுவும் பிறந்ததிலிருந்து கேட்கிற பேச்சு. அவரும் அதையே சொன்னார். காமாலைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவன் எவனும் எங்கள் தோட்டத்தில் இல்லை.

பாலிங் போகிற வழியில் ஒரு கம்பத்தில், சின்ன ஊர்தான், காமாலை இறக்குகிற வைத்தியர் ஒருவர் இருந்தார். டாக்சி பிடித்துப் போனோம். வீட்டு முன்னால் எங்களுக்கு முன்பே ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். வைத்தியர் அவரை மணையில் உட்காரவைத்து, முழங்கையிலிருந்து விரல்வரை எதையோ தடவி, ஒரு பேசினில் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவினார். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. தெளிந்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாக மாறியது. அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கையை என்ன, யார் கையை அப்படிக் கழுவினாலும் அந்தத் தண்ணீர் மஞ்சளாகும், தடவுகிற பட்டைச் சாற்றில் இருக்கிறது வித்தை என்று வெகுநாள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அன்றைக்கு நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன்.

கீழாநெல்லி அரைத்த உருண்டைகளைக் கொடுத்துவிட்டு வைத்தியர் பத்தியம் சொன்னார். எண்ணெய் கூடாது, புளி கூடாது. மோர்ச்சோறுதான். கடைசியாக ஒன்று சொன்னார்: "இங்கிலீஷ் மாத்திர ஏதும் சாப்பிடுறியா? எல்லாத்தையும் நிப்பாட்டு. என் மருந்து முடியிற வரைக்கும் அத தொடக்கூடாது. சூடு. ரெண்டும் சேந்தா ஆள அடிச்சுரும்."

வீட்டுக்காரர் சரி சரி என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் அண்ணியை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னிடம் தண்ணீர் கேட்டார். வழக்கம்போல் மாத்திரையை எடுத்தார்.

"நிப்பாட்டச் சொன்னாரேங்க."

"அவருக்கு என்னா தெரியும் என் ஹார்ட்ட பத்தி? காமாலைக்கு அவரு மருந்து, நெஞ்சுக்கு டாக்டரு மருந்து. போன தடவ விட்டதுக்கு என்னா ஆச்சு, நீ பாத்தல்ல? அக்காகிட்ட சொல்லாத. அழும்."

அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. காலையில் அக்கா கையால் கீழாநெல்லி உருண்டை. அண்ணி பின்பக்கம் போனதும் சாமி படத்துக்கு முன்னால் மாத்திரைகள். வாந்தி நிற்கவில்லை. கேட்டால் அண்ணி, "பித்தம் கழியுது, நல்லதுதான்" என்றார். வீட்டுக்காரர் நாளுக்கு நாள் சுருண்டுகொண்டே போனார். பேச்சு குழறியது. மகளை ஒருநாள் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் மரத்தில் உளியை வைத்துக்கொண்டு, கோடு எது பட்டை எது என்று தெரியாமல் நிற்பேன்.

ஒரு காலையில் நான் நிரையில் பாதி மரம்கூடச் சீவி முடிக்கவில்லை, எங்களை மேற்பார்க்கும் மண்டோர் சைக்கிளில் வந்தார். கக்கூசுக்குப் போய்த் திரும்பும்போது வீட்டுக்காரர் வாசல்படியிலேயே விழுந்துவிட்டாராம். நான் போனபோது அவர் கண் திறந்திருந்தது, முகம் சாம்பல். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஒன்று அடித்தது. அடுத்தது வருமா என்று நான் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். மறுபடி ஒயர்களை ஒட்டிக் காகிதத்தை இழுத்தார்கள். டாக்டர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, மாத்திரையை விட்டுவிட்டாரா என்றுதான் முதலில் கேட்டார். ஒரு நாளும் விடவில்லை தோக்தோர், வாந்தி எடுத்தால்கூட மறுபடி போட்டுக்கொண்டார் என்று மலாயில் நானே சொன்னேன். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் எப்படி, பார்வையில் ஏதாவது மாற்றம் சொன்னாரா என்றார்.

"கூனிங், தோக்தோர்" என்றேன். மஞ்சள். "செமுவா கூனிங்." எல்லாமே மஞ்சள்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை நாளாக என்று கேட்டார். அந்த மாதம் முழுக்க என்றேன். காமாலை என்று நினைத்தோம் என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். காமாலை வந்தவனுடைய மஞ்சள் அடுத்தவர் கண்ணுக்குத்தான் தெரியும், அவன் கண்ணுக்கு எதுவும் மஞ்சளாகத் தெரியாது என்றார். எல்லாம் மஞ்சளாகத் தெரிவது அந்தச் சின்ன மாத்திரை உடம்பில் அளவு மீறிவிட்டதற்கு அடையாளம். குமட்டலும் அதனால்தான், வாந்தியும் அதனால்தான். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிச் சிறுநீரகம் சோர்ந்துபோயிருக்கிறது. மருந்தை வெளியே தள்ள முடியவில்லை. அது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போய் இதயத்தின் தாளத்தையே கெடுத்துவிட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. இப்படியும் ஒரு பழமொழி நம்மிடம் இருக்கத்தான் செய்கிறது. அன்று லயத்து வாசலில் கூடிய அத்தனை பேரில் ஒருவர் வாயிலும் அது வரவில்லை. காமாலைக் கண்தான் வந்தது.

"இப்படி ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே" என்றேன். விடாதே விடாதே என்று சொன்னவர், எப்போது விட வேண்டும் என்று சொல்ல மறந்திருந்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மனிதர் அன்று இரவு வீட்டுக்குப் போகவே இல்லை என்று நர்ஸ் பிறகு சொன்னார்.

மாத்திரைகளை நிறுத்தினார்கள். உடம்பிலிருந்து அது தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும், வேறு வழி இல்லை என்றார்கள். கையில் தண்ணீர் ஏற்றினார்கள். மறுநாள் கொஞ்சம் தெளிந்தார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். நான் பிழைத்துவிடுவார் என்றே நம்பினேன். அடுத்த மாதம் மகளுக்கு வாங்க வேண்டிய பள்ளிச் சப்பாத்தைப் பற்றிக்கூடப் பேசினேன். அதற்கு அடுத்த நாள் மதியம், பார்வையாளர் நேரத்தில், நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் உடம்பு ஒருமுறை விறைத்தது. நர்ஸுகள் ஓடிவந்தார்கள், என்னை வெளியே தள்ளினார்கள், டாக்டர் நெஞ்சை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். ரொம்ப நேரம் அமுக்கினார்.

அவரை வீட்டுக்குக் கொண்டுபோக லோரி வரும்வரை நான் நடைபாதையில் நின்றேன். டாக்டர் வந்து பக்கத்தில் நின்றார். நான்தான் கேட்டேன். எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். ஒரு வைத்தியர் எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார், இவர்தான் கேட்கவில்லை; அன்றைக்கே நிறுத்தியிருந்தால் இவர் பிழைத்திருப்பாரா?

அவர் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"முங்கின்" என்றார். இருக்கலாம். பிறகு, "யா" என்றார். ஆமாம்.

வழி நெடுக லோரிப் பலகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வார்த்தையைத்தான் சுமந்துகொண்டு வந்தேன். ஏமாற்றுக்காரன் பேச்சைக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பார். படித்தவன் பேச்சைக் கேட்டதால் செத்தார். இந்த அநியாயத்தை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வது? லயம் நெருங்கியது. ஒப்பாரிச் சத்தம் கேட்டது. அண்ணி தலைவிரி கோலமாக ஓடிவந்து தம்பி மேல் விழுந்தார். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"டாக்டரு என்னா சொன்னான்? எதுனால என் தம்பி போச்சாம்? சொல்லு புள்ள!"

லயமே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. கூட்டத்துக்கு நடுவில் என் மகள் நின்றாள். ஒரு காலை மெதுவாக ஊன்றியிருந்தாள். எதற்காக என்று தெரியவில்லை, எங்காவது இடித்துக்கொண்டிருக்கலாம். நான் அவளைத்தான் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசிக்கக்கூடத் தேவை இருக்கவில்லை. ஆஸ்பத்திரி மருந்து தன் தம்பியைக் கொன்றது, வைத்தியர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தபின், அந்தப் பெண்மணி இந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மாதாமாதம் அதே ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவாரா? உயிர் போனாலும் ஏறமாட்டார். நான் வேலையை விட்டுவிட்டு எத்தனை மாதம் கூட்டிப்போக முடியும்? ஊசி நின்றால், ஒரு தொண்டைப் புண், ஒரு காய்ச்சல். அவருடைய நெஞ்சுக்குள் நடந்தது இவள் நெஞ்சுக்குள்ளும் நடக்கும்.

"காமாலைதான் அண்ணி" என்றேன். "முத்திப்போச்சுன்னு சொன்னாரு."

அண்ணி மாரில் அடித்துக்கொண்டு அழுதார். நான் சொன்னதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு அந்தச் சின்ன மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்று எனக்குத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய், எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு, காமாலை என்று யாராவது சொன்னால் செருப்பால் அடி என்று சொன்னேன். ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டேன். புருஷன் போன துக்கத்தில் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

கருமாதிக்கு முன்னாலேயே மகளின் ஊசி நாள் வந்தது. துக்க வீட்டை விட்டுப் பட்டணம் போவதா என்று பக்கத்து வீட்டில் முணுமுணுத்தார்கள். நான் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டே எழுந்தபோது, அண்ணி ஏற்கெனவே பிள்ளைக்குத் தலை வாரிவிட்டிருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அவன் இருந்தா போவச் சொல்லியிருப்பான்" என்றார். "காமாலைக்குத்தான் அவனுங்ககிட்ட மருந்து இல்ல. இதுக்காவது இருக்குல்ல."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு செம்மண் பாதையில் இறங்கியவர், கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பினார்.

"அந்த டாக்டரு அங்கதான இருப்பாரு. தம்பிய ராப்பகலா பாத்துக்கிட்ட மனுசன். அவர ஒரு எட்டுப் பாத்துக் கும்பிட்டுட்டு வரட்டா?"

"வேணாம் அண்ணி" என்றேன். "அவருக்கு வேல இருக்கும். ஊசிய மட்டும் போட்டுட்டு வந்துருங்க."